கைராசிக்காரன் செய்த போணி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது லைன் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். லைன் போகவில்லை. நான்தான் வைத்தேன். கல்யாணம் முடிந்த கையோடு பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, மறுபடியும் இன்டர்நெட்டில் கல்யாணப் பத்திரிகைக் கடை திறக்கப்போவதாகச் சொன்னாய். பெண்ணும் சரி என்றுவிட்டாள் என்றாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தத் தடவ எவனையும் கூட்டுச் சேக்க மாட்டேம்ப்பா. கருப்பசாமிகிட்டப் பட்டது ஒரு ஜென்மத்துக்குப் போதும்" என்றாய். என் கை தானாகவே ரிசீவரை வைத்துவிட்டது. நீ கருப்பசாமியிடம் படவில்லை தம்பி. என்னிடம் பட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்லலாமே என்பாய். சொல்ல முடிந்திருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. நான் சத்தம் போட்டால் அடுத்த தெரு பைண்டிங் கடை வரைக்கும் கேட்கும். சொல்ல வேண்டியதைச் சொல்ல மட்டும் அந்த வாய் திறக்காது. பிரஸ்ஸில் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மேஜையில் உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப் கிடக்கிறது. பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அச்சுக்குப் போய்விடும். மூன்று நாளாகப் போடவில்லை. "மகன் கல்யாணம்னதும் மொதலாளிக்கு எழுத்துக்கூட ஓடலை" என்று பைண்டிங் பெண்கள் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான். அந்தக் கடையை ஆடிப்பெருக்கன்று திறந்தோம். சிவகாசி அச்சகமெல்லாம் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைப் பூஜையில் வைக்கிற நாள். நாம் ஆல்பத்துக்குப் பக்கத்தில் உன் கம்ப்யூட்டரையும் வைத்துச் சந்தனம் பூசினோம். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை தேடுகிறவன் இப்போதே தேட ஆரம்பிப்பான் என்றாய். மெட்ராஸிலும் சிங்கப்பூரிலும் இருப்பவன் கார்டைப் பார்த்து, பெயரை அங்கேயே அடித்து, ஆர்டர் போடுவான். நாம் அச்சடித்துப் பார்சலில் அனுப்புவோம். நடுவில் ஏஜெண்ட் கிடையாது என்றாய். ஆட்களை உள்ளே வரவைக்க விளம்பரம் என்றாய். ஒருவன் தேடும்போது பக்கத்தின் ஓரத்தில் நம் பெயர் வரும், அதை அழுத்தி அவன் உள்ளே வந்தால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நாம் காசு கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருக்கிறோம், வரம்பு தீர்ந்தால் அன்றைக்கு விளம்பரம் மறைந்துவிடும் என்றெல்லாம் சாப்பாட்டு வேளையில் விளக்கினாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே தலையாட்டினேன். நான் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை, பேச்சு முடிந்தால் சரி என்று அர்த்தம். இதை உன் அம்மா கல்யாணமான வருஷத்திலேயே கண்டுகொண்டாள். நீ கண்டுகொள்ளவில்லை.

கருப்பசாமி உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். நாரணாபுரம். அவன் அம்மா மாரியம்மாள் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னப் போவாள். இவன் காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்வான், சாயங்காலம் நம் மாடிக்கு வந்து உன்னோடு உட்காருவான். லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு என்று நீங்களே பேசிக்கொண்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, வெளியில் சொல்லவில்லை. அவன் என்னை "அப்பா" என்று கூப்பிட்டான். அதுவும் பிடிக்கவில்லை. அவன் அம்மா "மொதலாளி" என்கிறாள், இவன் எப்படி அப்பா என்கிறான் என்று மனசுக்குள் ஓடும். உன் அம்மா நமக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டு அவனுக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுப்பாள். நீ கவனித்தாயோ என்னவோ. அவன் கவனித்தான். குடித்து முடித்ததும் கப்பை மடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான்.

ஆனால் தொழில் அவனுக்குத்தான் பிடிபட்டது. இதை அப்போதும் நான் அறிவேன். முதலில் விளம்பரத்தை அழுத்தியவர்களெல்லாம் நம் முகப்பில் வந்து விழுந்தார்கள். அங்கே என்ன இருந்தது? மாலை போட்ட உன் தாத்தா படம், பிரஸ் கட்டடம், ஆறு மொழியில் அச்சிடுவோம் என்கிற ஜம்பம், "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு வரி. எல்லாம் நான் வைக்கச் சொன்னது. ஒருநாள் அவன் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "நிக்காஹ் கார்டுன்னு தேடி வாரவனுக்கு வந்ததும் நிக்காஹ் கார்டுதான கண்ணுல படணும்? வாசல்ல பட்டுச்சேலைன்னு கூவிட்டு, உள்ள கூட்டிட்டுப் போயி தாத்தா போட்டோவக் காட்டுனா, அவன் அடுத்த கடைக்குப் போயிருவாம்லே." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாற்றினீர்கள். ஒவ்வொரு வகைத் தேடலுக்கும் தனி விளம்பரம், அந்தந்தக் கார்டுக்கே நேராகப் போகிற வழி, கார்டுக்குக் கீழேயே நூறு கார்டின் விலை, அனுப்புகிற செலவு, எத்தனை நாளில் வரும் என்கிற தகவல். ஓசியில் வாழ்த்து அட்டை தேடுகிறவன் கண்ணில் நம் விளம்பரம் படாதபடி சில வார்த்தைகளை விலக்கினீர்கள். தொட்டுப் பார்க்காமல் எவன் பத்திரிகை வாங்குவான் என்று நான் கேட்டதற்கு, ஐந்து மாதிரி அட்டையைக் கூரியரில் அனுப்பும் ஏற்பாட்டை அவன்தான் கொண்டுவந்தான். ஒன்றிரண்டு ஆர்டர் எட்டிப் பார்த்தது. முதல் ஆர்டர் துபாயிலிருந்து வந்த அன்றைக்கு நீ மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தாய். அந்த முகத்தை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். எனக்குக் கைராசி என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. புதுக் கடை திறந்தால் என்னைத்தான் முதல் வியாபாரத்துக்குக் கூப்பிடுவார்கள். பாத்திரக் கடையானால் ஒரு கரண்டி, மளிகைக் கடையானால் கால் கிலோ கற்கண்டு என்று வாங்கிப் போணி பண்ணிவிட்டு வருவேன். "அண்ணாச்சி கை பட்டா விளங்கும்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஊரான் கடைக்கெல்லாம் போணி பண்ணுகிறவன் சொந்த மகன் கடைக்குப் பண்ண வேண்டாமா? காலையில் நடை முடித்து, குளித்து, திருநீறு பூசி, நேரே அந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். கல்யாணக் கார்டு என்று இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவேன். ஓரத்தில் நம் பெயர் வரும். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன்மேல் ஒரு அழுத்து. கடை திறக்கும். இரண்டு நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு, மனசு நிறைந்து எழுந்து வருவேன். கடைக்குள் போய் வந்தோம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். நீ சாப்பாட்டில் சொன்னது ரசத்தோடு இறங்கிப் போயிருந்தது.

நான் மட்டும் செய்திருந்தாலாவது பரவாயில்லை. நடைக்கு வருகிற கூட்டாளிகளிடம் சொன்னேன். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். "நம்ம பையன் கடை. காலையில எந்திரிச்சதும் ஆளுக்கொரு தட்டுத் தட்டிருங்க" என்றேன். நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? விருதுநகர் பஜாரில் உன் சித்தப்பா வகையறா முழுக்கத் தட்டினார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவன் பிள்ளைகளை விட்டுத் தட்டச் சொன்னான். ஒரு மாமா ஒரே காலையில் மூன்று சென்டர் ஏறி இறங்கித் தட்டிவிட்டு, மொய் எழுதினதைச் சொல்வது மாதிரி வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் பாசத்தில் செய்தார்கள். காலை பத்து மணிக்குள் நீ வைத்த வரம்பை நாங்களே தின்று தீர்த்துவிடுவோம். மெட்ராஸ்காரனும் சிங்கப்பூர்க்காரனும் வேலை முடிந்து சாயங்காலம் உட்கார்ந்து தேடும்போது நம் விளம்பரமே இருக்காது. நீ மாடியிலிருந்து இறங்கி வந்து, "கிளிக் வருதுப்பா, சேல்ஸ்தான் வரமாட்டேங்குது" என்பாய். "வரும் வரும், கைராசி எங்க போகும்" என்பேன். நீ வரம்பைக் கூட்டினாய். நாங்களும் கூட்டினோம்.

கருப்பசாமி அந்த சென்டரிலேயே இருப்பவன். தினமும் நான் வந்து போவதைப் பார்த்தான், என்ன செய்கிறேன் என்று ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கிறான். மறுநாள் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, தப்பா எடுத்துக்கிடாதீக. நீக தட்டுற ஒவ்வொரு தட்டுக்கும் நம்ம காசுதான் போகுது."

"என்னலே சொல்ற? உள்ள போயி பாத்துட்டுத்தான வாரேன். எதையும் தூக்கிட்டா வாரேன்?"

"கடைக்கு வாரவனுக்கெல்லாம் ஆட்டோ வாடகை நாமதான் குடுக்குறோம்னு வச்சுக்கோங்க. வாங்க வாரவனுக்குக் குடுக்கலாம். போணிக்கு வாரவகளுக்கே குடுத்துத் தீந்துபோச்சுன்னா, வாங்க வாரவன் எதுல வருவான்?"

"எனக்கே பாடம் நடத்துறியாலே நீ?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ணி முடியவில்லை. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "அவன்ட்ட சொல்லிராதலே" என்றேன். "சொல்ல மாட்டேம்ப்பா. நீக மத்தவகட்ட மட்டும் நிப்பாட்டச் சொல்லிருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றான்.

நான் தட்டுவதை நிறுத்தினேன். மற்றவர்களிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று போனேன். ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பார்களே, என்ன சொல்வேன்? கைராசிக்காரன் மகன் கடையைத் தானே சாய்த்தான் என்று பஜார் முழுக்கப் பேசுமே. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். உன் கடையைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

கருப்பசாமி தன் பங்கைச் செய்தான். உன்னிடம் வந்து, "நம்ம ஜில்லாவ விளம்பரத்துல இருந்து வெலக்கிருவோம்லே. சிவகாசிக்காரன் நெட்டுலயா நம்மகிட்டக் கார்டு வாங்கப் போறான்? நேரா படியேறி வந்துருவான்" என்றான். அருமையான யோசனை. அதை மட்டும் நீ செய்திருந்தால் அன்றோடு எல்லாம் சரியாகியிருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். அதற்காகத்தான் அவன் அப்படிச் சுற்றி வளைத்தான். நீ, "ஏன் திடீர்னு?" என்று கேட்டாய். "சும்மாதான்" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. உனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இரண்டு நாள் மாடியிலேயே கிடந்து, யார் யார் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார்கள் என்கிற பதிவைத் தோண்டினாய். தினமும் காலையில் அவன் வேலை பார்க்கிற சென்டரிலிருந்தே வந்திருப்பது தெரிந்தது.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது. மெஷின் நின்றது. ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "எவன்ட்டலே காசு வாங்குன? எந்தப் போட்டிக் கம்பெனிக்காரன் சொல்லித் தெனமும் தட்டுன?" என்று அவன் சட்டையைப் பிடித்தாய். "நான் தட்டலலே" என்றான். "அப்ப யாரு தட்டுனா? ஒன் சென்டர்ல இருந்துதான வந்திருக்கு? ஒனக்குத் தெரியாம எவன் தட்டுனான், சொல்லு" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். நான் கட்டிங் மெஷின் பக்கத்தில் ஒரு பேப்பர் ரீமைப் பிரித்துக்கொண்டு நின்றேன். அவன் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, சும்மா பார்த்தான். இப்போது நீங்கள் பேசுங்கள் என்பது அந்தப் பார்வை. நான் குனிந்து ரீமின் மேல்தாளைக் கிழிக்க ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு, "தெரியலலே" என்றான் உன்னிடம். அப்போது நீ ஒன்று சொன்னாய். சரம் பின்னுகிற வீட்டிலிருந்து வந்தவனுக்குத் திருட்டுப் புத்திதானே இருக்கும் என்றாய். உன்னை அறைந்திருக்க வேண்டும். என்னை நானே அறைந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அவன் வாசலுக்குப் போய்த் திரும்பி என்னிடம், "வாரேன் மொதலாளி" என்றான். அதுவரைக்கும் அப்பா என்று கூப்பிட்டவன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தது. பழி நாரணாபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து, காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், மாரியம்மாள் நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் தூக்குவாளி. நகக்கண்ணெல்லாம் பட்டாசின் வெள்ளி மருந்து. நீ குளித்துக்கொண்டிருந்தாய். "மொதலாளி, எம்புள்ளையக் களவாணின்னு சென்டர்க்காரக வேலைய விட்டு நிப்பாட்டிட்டாக. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கான். நீக பெரியவுக, பொய் சொல்ல மாட்டீக. அவன் செஞ்சானா?" என்று கேட்டாள். இரண்டே வார்த்தை போதும். அவன் செய்யவில்லை. அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு தாயி. வயசுப் பயலுக, ஏதோ நடந்து போச்சு. நாங்க போலீசுக்கெல்லாம் போக மாட்டோம்" என்றேன். அவள் முகம் அப்படியே செத்துவிட்டது. அப்புறம் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருப்பீக மொதலாளி" என்றாள். போன மாசியில் இறந்துபோனாள். மூச்சிரைப்பு என்றார்கள். நான் துக்கத்துக்குப் போகவில்லை.

அவனை விரட்டின பிறகும் கிளிக்குகள் நிற்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வேறு சென்டரில் உட்கார்ந்து வஞ்சம் தீர்க்கிறான் என்று நீ பல்லைக் கடித்தாய். அது உன் மாமாவும் சித்தப்பாவும். நான் கடைசிவரைக்கும் அவர்களிடம் சொல்லவில்லை. தையில் கடையை மூடினாய். விருதுநகர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது, "எனக்குத் தொழில் வராதுப்பா" என்றாய். அதற்கும் தலையாட்டினேன்.

நீ போன பிறகு மாடியைக் கூட்டச் சொன்னபோது அவன் நோட்டு ஒன்று கிடைத்தது. என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அதில் வருகிறவர்களை ஊர், வெளியூர் என்று இரண்டாகப் பிரித்து நாள்வாரியாக எழுதியிருக்கிறான். ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை பெய்து கரண்டும் போய், சென்டரெல்லாம் மூடிக் கிடந்ததே, நாம் ஜெனரேட்டர் போட்டுக்கொண்டு ஓட்டினோமே, அந்த இரண்டு நாளைக்குச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறான். அன்றைக்கு நம் ஆட்கள் யாரும் தட்ட முடியவில்லை. வந்த நாற்பது சொச்சம் பேரும் வெளியூர். அதில் மூன்று பேர் ஆர்டர் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஆறு பேர் மாதிரி அட்டை கேட்டிருக்கிறார்கள். உன் கடை விற்றிருக்கிறது தம்பி. நீயும் அவனும் செய்தது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அந்தக் கடை உண்மையாகத் திறந்திருந்தது அந்த இரண்டு மழை நாள்தான். மற்ற நாளெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். உனக்குத் தொழில் வராது என்று இரண்டு வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருப்பது என்னால்.

புதுக் கடைக்குப் புத்தி சொல்லும் யோக்யதை எனக்கு இல்லை. இருந்தாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதைப் பார்த்துப் பூரிக்காதே, சோரவும் செய்யாதே. எவன் எந்த ஊரிலிருந்து என்ன தேடி வந்தான், வந்தவன் எந்த இடத்தில் திரும்பிப் போனான் என்று பார். விளம்பரத்தில் எதைச் சொன்னாயோ அதையே உள்ளே நுழைந்ததும் காட்டு. விலையை மறைக்காதே. சொந்தக்காரன் எவனையும் கடைப் பக்கம் விடாதே, முதலில் என்னை விடாதே. இதெல்லாம் உனக்கே தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. கூட இருப்பவன் காரணம் சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னால், அவன் திருடனாகவும் இருக்கலாம், யாரையோ காப்பாற்றுகிறவனாகவும் இருக்கலாம். நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடிப்பதற்கு முன் தனியாக உட்காரவைத்து ஒரு தடவை கேள். எவனையும் நம்பமாட்டேன் என்று நீ கற்றுக்கொண்டது பொய்ப் பாடம். அந்தப் பாடத்தோடு ஒரு பெண்ணைக் கைப்பிடிக்காதே.

போனை வைத்த மறுநாள் நாரணாபுரம் போனேன். அவன் இப்போது ஒரு பட்டாசு குடோனில் லோடு ஏற்றுகிறான். அன்றைக்கு லாரி வராததால் வீட்டில் இருந்தான். "வாங்க மொதலாளி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தான். என்னால் குடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதைதான மொதலாளி. எங்கிட்ட எதுக்குச் சொல்றீக?"

"ஒங்கம்மாட்டயாவது சொல்லிருக்கலாமேய்யா நீ."

"சொல்லிருந்தா அது ஒங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திருக்கும். ஒருக்கா அப்பான்னு கூப்புட்டாச்சு. என்ன செய்ய?" என்றான். பிறகு சுவரில் மாட்டியிருந்த அம்மா படத்தைக் காட்டினான். "தெரியாமலே போயிட்டாக ஒருத்தவுக. அவுகட்டச் சொல்லுங்க."

எழுந்து அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். "மாரியம்மா, ஒம்புள்ள செய்யல தாயி. நான்தான் செஞ்சேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அவன் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய்க் கையைத் தொட எனக்குத் துணிவில்லை. "கல்யாணத்துக்கு வரணும்யா" என்றேன். "பத்திரிகைய அவன் வந்து வைக்கட்டும்" என்றான். "வருவானா?" என்று கேட்டேன். "நீக சொன்னாத்தான வருவான்?" என்றான். அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். புரூஃபை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அழைப்பவர் என்று உன் அம்மா பெயருக்கு முன்னால் என் பெயர் இருக்கிறது. அது இருக்கட்டுமா, கோடு போட்டு அடித்துவிடலாமா என்று நீயே பார்த்துச் சொல். நீ அடித்தால் நான் கோபப்பட மாட்டேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு வருவேன். என் தப்பை நான் சொல்லியாயிற்று. ஆனால் அன்றைக்கு அவன் வீட்டைப் பற்றி நீ சொன்ன சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்டுத் தீராது. அது உன் வாயிலிருந்து போனது.

பெயர் எழுதாத உறை ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன். ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்கு வராதே, நேரே நாரணாபுரம் போ. புரூஃபையே மடித்து உறையில் வைத்து, மேலே அவன் பெயரை உன் கையால் எழுதிக் கொடு. வாங்கிக்கொண்டால் நல்லது. வாங்காவிட்டாலும் உடனே எழுந்து வந்துவிடாதே, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு. என்னால் உட்கார முடியவில்லை.

அப்பா